கட்டை சொல்லும் வரலாறு

பாடுவோர் தம் குரலின் சுருதியைக் குறிப்பிடும்போது "ஒரு கட்டை", "இரண்டரைக் கட்டை", "ஐந்து கட்டை" என்று கூறுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இச்சொல் நம் இசைக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களுக்கும் இனிய தமிழ்ப் பெயரிட்ட நம் முன்னோர் சுருதியைக் கட்டையால் அளந்தவரல்லர். அது ஆர்மோனியப் பெட்டியின் மரக் கட்டையிலிருந்து பிறந்த சொல். அப்பெட்டியின் முதல் வெள்ளைக் கட்டை "ஒன்று", அடுத்தது "இரண்டு", இரண்டிற்கும் இடையில் நிற்கும் கறுப்புக் கட்டை "ஒன்றரை". மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ஆகவேதான் "மூன்றரைக் கட்டை" என்று ஒரு சுருதி நம் வழக்கில் இல்லை.

அந்நியக் கருவி, நம் இசைக்கு ஒவ்வாத கருவி என்று அறிஞர் பலர் கடிந்துரைத்த ஒரு பெட்டி, நம் பாடகரின் நாவிலேயே அளவுகோலாக அமர்ந்துவிட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது? இக்கேள்விக்கு விடை காண்பது வெறும் பொழுதுபோக்கன்று. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை போன்ற புறநகர்களில் மகனோ தம்பியோ ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துச் சம்பாதிக்கும் குடும்பங்கள் உண்டு. "எந்தக் கீபோர்டு வாங்கலாம்?" என்பது அவ்வீடுகளில் பல மாத வருமானத்தைப் பொறுத்த கேள்வி. அதற்கான விடை கடைக்காரரின் விலைப்பட்டியலில் இருப்பதைவிட இக்கருவியின் வரலாற்றில் தெளிவாக இருக்கிறது.

இசைக் கருவிகளைப் பற்றிய மார்க்கச் சட்டத்தில் இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை வாசகர் அறிவர். அவ்வாய்வு இக்கட்டுரையின் பொருளன்று. ஒரு கருவியின் வரலாற்றையும், அதைக் கொண்டு பிழைக்கும் மக்களின் தேவையையுமே இங்குக் காண முற்படுகிறோம்.

பக்தாதில் தானே ஊதிய கருவி

காற்றைத் தேக்கிக் குழல்களில் செலுத்தி, விரலால் அழுத்தும் கட்டைகளைக் கொண்டு சுரம் எழுப்பும் கருவி கிரேக்கருக்குத் தெரிந்திருந்தது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் என்பார் நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கிய கருவியொன்றைச் செய்தார். அக்கருவியைப் பற்றிய அறிவு கிரேக்க நூல்களின் அரபு மொழிபெயர்ப்புகள் வழியே பக்தாதை அடைந்தது. அதன் பெயரும் "உர்கன்" என அரபியாயிற்று.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், பக்தாதில் "பனூ மூஸா" எனப் புகழ்பெற்ற முஹம்மது, அஹ்மது, ஹசன் ஆகிய மூன்று சகோதரர்கள் கணிதத்திலும் பொறியியலிலும் வல்லுநராய் விளங்கினர். "தானே ஊதும் கருவி" பற்றி அவர்கள் ஒரு நூல் எழுதினர். சுழலும் உருளையொன்றில் முனைகளைப் பதித்து, அம்முனைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடுமாறு அமைத்து, இசைப்பவர் இல்லாமலே பண் எழச் செய்யும் முறையை அந்நூல் விளக்குகிறது. முனைகளை மாற்றிப் பதித்தால் பண்ணும் மாறும். இன்று கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தபேலாவும் தாளமும் தாமே ஒலிக்கின்றனவே, அதன் மூலக் கருத்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பக்தாதில் எழுதப்பட்டுவிட்டது.

தரையில் அமர்ந்த பெட்டி

பக்தாதின் உர்கன் நிலைத்து நிற்கும் பெருங்கருவி. ஐரோப்பாவிலும் தேவாலயத்தின் சுவரோடு சுவராக அது நின்றது. ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைப்பவனுக்கு அதனால் பயனில்லை. குழல்களை நீக்கி, சிறு பித்தளை நாக்குகளைக் காற்றால் அதிரச் செய்து அதே ஒலியைப் பெற முயன்றவர் பலர். அவர்களுள் பாரிசு நகரத்து அலெக்சாந்தர் தெபேன், 1842-இல் "ஆர்மோனியம்" என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். இன்று அண்ணா சாலையிலுள்ள மியூசி மியூசிகல் என்னும் இசைக்கருவிக் கடையின் மூல நிறுவனம் சென்னையில் தோன்றியதும் அதே 1842-ஆம் ஆண்டில்தான். ஐரோப்பியரின் பியானோவும் ஆர்கனும் இந்நகருக்கு வரும் வழி அப்போதே திறந்திருந்தது.

தெபேனின் ஆர்மோனியம் ஒரு மேசையளவு இருந்தது. நாற்காலியில் அமர்ந்து இரு கால்களாலும் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்க வேண்டும். நம் நாட்டிலோ பாடகரும் பக்கவாத்தியக்காரரும் தரையில் அமர்பவர்கள். இங்கே கருவிதான் தன் வடிவை மாற்றிக்கொண்டது. கல்கத்தாவில் 1875-இல் துவார்க்கின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ், துருத்தியைப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்தி, இடக்கையால் அசைத்து வலக்கையால் வாசிக்கும் சிறு ஆர்மோனியத்தை உருவாக்கிய பெருமைக்குரியவராகக் கருதப்படுகிறார். ஐரோப்பிய இசைக்கு இரு கைகளும் கட்டைமேல் இருந்தாக வேண்டும்; அவ்விசை பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்குவது. நம் இசை ஒற்றை இழையாய் ஓடுவது. அதற்கு ஒரு கை போதும். மற்றக் கையைக் காற்றுக்கு ஒப்படைத்தது கூர்த்த மதியன்றோ!

மேடையும் தடையும்

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தமிழ் நாடக மேடை இப்பெட்டியை இருகரம் நீட்டி வரவேற்றது. கடைசி வரிசையில் அமர்ந்தவர் காதிலும் பாட்டு விழ வேண்டுமாயின் நடிகர் உச்சச் சுருதியில் பாட வேண்டும். அந்தக் குரலுக்கு ஈடாக ஒலிக்கும் கருவியும் வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உயர்ந்த கட்டையில் பாடிய பாடல்கள் அக்காலத்து மேடையின் தேவையை நமக்கு உணர்த்துகின்றன. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்து, சுருதி கூட்டி, பின்பாட்டும் பாடி, நடிகர் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுத்துக் காப்பாற்றினார். சுருதியைக் கட்டையால் சொல்லும் வழக்கத்தைத் தமிழ் மக்களிடையே பரப்பியதில் இம்மேடைக்குப் பெரும்பங்கு உண்டெனலாம்.

ஆயின் இசையறிஞர்கள் இதை ஏற்கவில்லை. ஆர்மோனியத்தின் சுரம் ஒவ்வொன்றும் ஆணியடித்தாற்போல் ஓரிடத்தில் நிற்பது. வீணையின் தந்தியை இழுத்து அசைப்பது போல் இதன் சுரத்தை அசைக்க இயலாது. ஆதலால் கமகம் பிறவாது. மேலும் இதன் பன்னிரு சுரங்களும் ஐரோப்பிய முறையில் சம அளவாகக் கூறுபோடப்பட்டவை. நம் காது பழகிய சுரங்களோடு அவை முற்றும் பொருந்துவதில்லை. இக்குறைகளைச் சுட்டி ஆங்கிலேய இசையறிஞர் ஜான் ஃபோல்ட்ஸ் கண்டித்தார். கவியரசர் இரவீந்திரநாத தாகூரும் வெறுத்தார். இறுதியில் அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் நாளிலிருந்து ஆர்மோனியத்தைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது.

அறிஞர்கள் கூறிய குறை பொய்யன்று, அஃது உண்மையே. ஆயினும் ஒரு தலைமுறைக்கு நீடித்த அத்தடையால் நேர்ந்தது என்ன? வானொலி நிலையத்தின் வாயிலில் தடுக்கப்பட்ட பெட்டி, ஊர்த் திருமணப் பந்தலில் நடுநாயகமாக அமர்ந்தது. நாடகம், பஜனை, கட்சி மேடை எங்கும் அது ஒலித்தது. மீலாது விழாக்களிலும் கந்தூரிகளிலும் இஸ்லாமியப் பாடல் கச்சேரிகள் பெருகி, நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) போன்றோரின் கம்பீரக் குரல் ஊர்தோறும் ஒலித்த காலத்தில், அத்தகைய கச்சேரிகளில் பாடுவோருக்கு ஆர்மோனியமும் தபேலாவும் துணை நின்றன. காரணம் எளிது. ஒருவரே தூக்கிச் செல்லலாம், மின்சாரம் வேண்டா, பாடுபவரின் சுருதி எதுவோ அந்தக் கட்டையில் தொடங்கலாம். குறையுள்ள கருவியாயினும் எளியவரின் குரலுக்கு அது பணிந்து நின்றது. பணிந்து நின்றதாலேயே வாழ்ந்தது.

தாம்பரம் இரயிலும் கோடம்பாக்கமும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" வெளிவந்ததும் அதே ஆண்டு. பின்னர் 1948-இல் ஏ.வி.எம். நிறுவனம் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்திற்கு வந்தது; அப்பகுதி படத்தொழிலின் தலைநகராயிற்று. கோடம்பாக்கம் அதே இரயில் பாதையில் ஒரு நிலையம். புறநகரில் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் இசைக் கலைஞர் ஒரே வண்டியில் ஏறி ஒலிப்பதிவுக் கூடத்தை அடையலாம். புல்லாங்குழலை மடியில் வைத்துக்கொண்டு செல்லலாம். வயலினையும் கொண்டு செல்லலாம். ஆனால் மின்சாரக் கட்டைக் கருவிகளை அவ்வாறு கொண்டு செல்ல இயலுமா?

அமெரிக்கரான லாரன்ஸ் ஹாமண்ட் 1935-இல் விற்பனைக்குக் கொணர்ந்த மின்சார ஆர்கன், பல ஆட்கள் சேர்ந்து தூக்க வேண்டிய பெருஞ்சுமை. பின்வந்த சிந்தசைசர்கள் எடை குறைந்தன. ஆயின் விலை ஏறியது. வெளிநாட்டுப் பொருள்மீது சுங்கவரி கடுமையாயிருந்த அந்நாளில் அவை சாதாரணக் கலைஞரின் கைக்கு எட்டவில்லை. வசதியுள்ளவர் வாங்கி வைத்தனர். ஏனையோர் வாடகைக்கு எடுத்தனர்.

இவ்வாடகை முறையால் காப்பாற்றப்பட்ட குடும்பம் ஒன்றை உலகமே அறியும். மலையாள, தமிழ்ப் படங்களில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் பணியாற்றிய ஆர்.கே. சேகர் 1976-இல் காலமானார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. கணவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு அந்தத் தாய் குடும்பம் நடத்தினார். மகன் சிறுவயதிலேயே குழுக்களில் கீபோர்டு வாசிக்கச் சென்றார். அக்குடும்பம் பின்னர் இஸ்லாத்தைத் தழுவியது. அந்தச் சிறுவரே 1992-இல் "ரோஜா" படத்தால் அறிமுகமான ஏ.ஆர். ரஹ்மான். அவரது புகழைப் பேசுவோர் பலர். விற்றால் ஒருநாள் பணம், வாடகைக்கு விட்டால் மாதந்தோறும் உணவு என்று முடிவு செய்த அந்தத் தாயின் மதிநுட்பத்தைப் பேசுவோர் குறைவு. ஒரு கருவி முதலீடா, ஆடம்பரமா என்பதை அதைக் கையாளும் முறையே முடிவு செய்கிறது.

இக்காலத்தில் ஜப்பானிலிருந்து இரு மாறுதல்கள் வந்தன. கேசியோ நிறுவனம் 1980-இல் சிறிய மின்னணுக் கீபோர்டை வெளியிட்டது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த நம்மவர் ஊர் திரும்பும்போது பெட்டியில் அதுவும் இடம்பெறலாயிற்று. எந்த நிறுவனத்தின் கீபோர்டாயினும் "கேசியோ" என்றே அழைக்கும் வழக்கமும் தமிழகத்தில் பரவிற்று. 1983-இல் யமஹா நிறுவனத்தின் டி.எக்ஸ்.7 வந்தது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள், மணியோசையும் மின்பியானோவும் ஒரே பெட்டியில்! அதே ஆண்டில் ஒரு நிறுவனத்தின் கருவியை மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு இணைக்கும் பொதுமுறையான "மிடி" நடைமுறைக்கு வந்தது. ஒரே மனிதர் பல கருவிகளின் ஒலியை எழுப்பும் காலம் பிறந்தது. அதனால் பிழைப்பை இழந்த வயலின், குழல் கலைஞர்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது.

கால் சுரத்தின் சிக்கல்

ஆணியடித்த சுரம் என்ற பழைய குறை தீர்ந்ததா? அரபு நாடுகளும் இதே சிக்கலைச் சந்தித்தன. ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் "ஊது" என்னும் நரம்புக் கருவியில் வல்லவராயிருந்த மன்சூர் ஸல்ஸல், பெரிய காந்தாரத்திற்கும் சிறிய காந்தாரத்திற்கும் நடுவே ஒரு சுரத்திற்கு இடம் வகுத்தார். ஹிஜ்ரி 339-இல் (கி.பி. 950) மறைந்த தத்துவ மேதை அல்ஃபாராபி, தம் "கிதாபுல் மூஸீகல் கபீர்" என்னும் பெருநூலில் அதனைக் கணக்கிட்டுக் காட்டினார். எகிப்து நாட்டுக் காரிகள் கருவி எதுவுமின்றித் தம் குரலால் மட்டும் ஓதத் தொடங்கும் "பயாத்தி" என்னும் இராகத்தின் இரண்டாம் சுரமும் இத்தகையதே. அது பியானோவின் இரு கட்டைகளுக்கு நடுவே விழும். எந்தக் கட்டையிலும் அகப்படாது.

கெய்ரோவில் 1932-இல் கூடிய அரபு இசை மாநாட்டில் பியானோவை ஏற்பதா, விலக்குவதா என்பது கடும் விவாதமாயிற்று. அங்கும் கருவியே பணிய வேண்டியதாயிற்று. கால் சுரம் எழுப்பும் பியானோக்களைச் செய்து பார்த்தனர். பின்னர் மஜ்தி அல்ஹுசைனி போன்றோர் அப்துல் ஹலீம் ஹாபிஸின் பாடல்களில் மின்சார ஆர்கன் வாசித்துப் புகழ்பெற்றனர். இன்று அரபு நாடுகளுக்கெனச் செய்யப்படும் கீபோர்டுகளில் ஒவ்வொரு சுரத்தையும் கால் பங்கு இறக்கும் பொத்தான்கள் உள்ளன. பழைய "உர்கன்" அம்மக்கள் வாயில் இன்று "ஓர்க்" என வழங்குகிறது.

நம் இசைக்குத் தேவை கால் சுரமன்று, அசையும் சுரம். அதற்கு விடையாகக் கீபோர்டின் இடப்புறத்தில் ஒரு சிறு சக்கரம் அமைந்தது. வலக்கை கட்டையை அழுத்த, இடக்கை சக்கரத்தை உருட்டினால் சுரம் ஏறியும் இறங்கியும் வளையும். கல்கத்தாப் பெட்டியில் துருத்தியை அசைத்த அதே இடக்கை, இன்று கமகத்தை அசைக்கிறது! கர்நாடக இசைக் கச்சேரியையே கீபோர்டில் நடத்தும் இளைஞர்கள் இன்று தோன்றியிருப்பது இதனாலேயே. ஏ.ஆர். ரஹ்மான் 2009-இல் வெளிவந்த "தில்லி-6" படப் பாடலொன்றில், கட்டைகளே இல்லாமல் விரல் வழுக்கிச் செல்லும் "கண்டினுவம்" என்ற கருவியை வாசித்தார். கட்டையில் தொடங்கிய பயணம் கட்டையைக் கடந்தும் செல்கிறது.

வாங்குவோர் எண்ண வேண்டியவை

இவ்வரலாறு முழுவதும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறது. கருவி மனிதனின் குரலுக்கும் தோளுக்கும் கைப்பொருளுக்கும் பணிய வேண்டும். இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால் தேர்வு எளிதாகும்.

முதலாவது தோள். 61 கட்டைகளைக் கொண்ட சாதாரணக் கீபோர்டு ஐந்து முதல் ஏழு கிலோ வரை இருக்கும். இரயில் நிலையப் படிகளில் ஒருவரே சுமக்கலாம். பியானோவைப் போல் கனத்த 88 கட்டைகளைக் கொண்டது பதினொரு கிலோவுக்கு மேற்பட்டு இருபதையும் எட்டும். அதற்குத் தாங்கியும் உறையும் வண்டியும் வேண்டும். மூன்றரை ஸ்தாயி கொண்ட ஆர்மோனியத்தால் நாடகம் முழுவதையும் நடத்தினர். பாட்டுக்குத் துணை செய்ய ஐந்து ஸ்தாயி தாராளம்.

இரண்டாவது குரல். மெல்ல அழுத்தினால் மென்மையாகவும் வன்மையாய் அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, சுரத்தை வளைக்கும் சக்கரம் உண்டா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருந்தும் பயனில்லை. சுருதி மாற்றும் பொத்தான் பாடகரின் கட்டைக்கு ஏற்பக் கருவியை நகர்த்தும். ஒரு பாட்டு முடிந்ததும் அதைப் பழைய இடத்தில் நிறுத்தத் தவறினால் அடுத்த பாடகர் திணறுவார். வளைகுடாவிலிருந்து உறவினர் கொணரும் கீபோர்டாயின், அரபுக் கால்சுரப் பொத்தான் தற்செயலாக அழுந்தியுள்ளதா என்று பார்த்துக்கொள்க. இல்லையேல் கருவி பழுதென்று வீணே ஐயுற நேரும். இந்தியத் தாளங்களும் ஒலிகளும் சேர்ந்த கீபோர்டுகள் இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. யமஹா நிறுவனம் சென்னையின் புறத்தே நடத்தும் இசைக்கருவித் தொழிற்சாலை 2019-இல் இயங்கத் தொடங்கியது.

மூன்றாவது கைப்பொருள். பழைய கீபோர்டு வாங்குவோர் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே அழுத்திப் பார்க்க வேண்டும். சக்கரத்தை உருட்டி விட்டால் சுரம் சரியான இடத்திற்குத் திரும்புகிறதா எனச் செவி கொடுக்க வேண்டும். அடாப்டரின் வோல்ட்டும் முனையும் கருவிக்குப் பொருந்தியனவாய் இருத்தல் வேண்டும். திருமண மண்டபங்களில் மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும் வேளையில் கருவி அணைந்து எழும். தேர்ந்த ஒலிகளை முன்னரே நினைவகத்தில் பதித்து வைத்தவர் அஞ்ச வேண்டியதில்லை. கம்பியை ஒலிபெருக்கியில் செருகுமுன் ஒலியளவைத் தாழ்த்துவதும், மாற்றுக் கம்பி ஒன்று பையில் வைத்திருப்பதும் செலவில்லாத காப்பு. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தேவைப்படும் பெருங்கருவியைக் கடனில் வாங்குவதை விட அந்நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. கருவிக்கு வட்டி கட்டவே கச்சேரி செய்யும் நிலை வந்தால், பணிவது கருவியன்று, மனிதன்.

வீட்டில் பழைய ஆர்மோனியம் இருந்தால் அதனையும் எறிந்துவிட வேண்டா. பித்தளை நாக்கில் பச்சை படர்ந்தால் துடைக்கலாம். சுருதி விலகினால் கைதேர்ந்தவர் நாக்கின் நுனியைச் சுரண்டி உயர்த்துவார், அடியைச் சுரண்டித் தாழ்த்துவார். மின்சாரமின்றி இன்றும் அது பாடும். புதிதாய்க் கற்கும் பிள்ளைக்குச் சுருதியை உணர்த்த அதனினும் எளிய ஆசான் கிடைப்பதரிது.

தடை செய்தவர்களும் மறைந்தனர், தடையும் தளர்ந்தது, "கட்டை" என்னும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. பாடகன் தன் குரலைச் சொல்ல, அதற்கேற்பப் பெட்டி தன் கட்டையைத் தருகிறது. இம்முறை மாறாதிருக்கும் வரையில், பக்தாதில் எழுதப்பட்டதோ, பாரிசில் பிறந்ததோ, ஜப்பானில் வளர்ந்ததோ, எக்கருவியும் நமக்கு அந்நியமன்று.